என் மகள் எஸ்தர் மறுபடி ஓடினாள்

பாளையங்கோட்டை மைதானத்தில், கடைசிச் சுற்றில் எல்லாருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்த என் மகள் எஸ்தர், என் கண்முன்னே சுருண்டு விழுந்தாள். சென்ற ஆண்டு மாவட்டப் போட்டி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். அன்றைக்கு நான் எப்படி வேலியைத் தாண்டி அவளிடம் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்களுக்கு விக்கிரமசிங்கபுரம். கணவருக்கு நூல் மில்லில் வேலை. எங்களுக்கு இவள் ஒரே பிள்ளை. விடியும் முன்பே பாபநாசம் ரோட்டில் ஓடக் கிளம்பிவிடுவாள். துணைக்கு இவர் சைக்கிளில் போவார். திரும்பி வரும்போது மூச்சு வாங்குவது என்னவோ இவருக்குத்தான்!

ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த டாக்டர் அம்மாவின் முகம் மாறியது. "காலைல சாப்பிட்டியா?" என்று கேட்டார்கள். எஸ்தர் ஆமென்று தலையாட்டினாள். "அப்போ இதயத்துல கோளாறு எதுவும் இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் ஓடவே கூடாது" என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வேறு, "பொட்டப்பிள்ளைய இப்படியா ஓட விடுவாவ?" என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்கள். எஸ்தர் தன் ஓட்டக் காலணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதைப் பார்த்து நான் அழுத அழுகை கர்த்தருக்குத்தான் தெரியும். "ஆண்டவரே, என் பிள்ளை நெஞ்சில் ஒரு குறையும் இருக்கக் கூடாது" என்று முழங்காலில் விழுந்தேன். ஸ்கேன் எடுக்கும் நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருப்பதாகத் தீர்மானித்தேன்.

அன்று ஸ்கேன் முடிந்து வெளியே வந்த எஸ்தருக்குத் தலை சுற்றிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. டாக்டர் அம்மா படத்தைப் பார்த்தார்கள், இவளையும் பார்த்தார்கள்.

"இதயம் கல்லு மாதிரி இருக்கு. உண்மையச் சொல்லு, காலைல என்ன சாப்பிட்ட?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "எம்மா உபவாசம் இருந்தாவ. நானும் இருந்தேன்."

"பந்தயத்தன்னைக்கு?"

"அன்னைக்கும்தான். எம்மா எனக்காக இருக்கும்போது நான் மட்டும் எப்படித் திங்க?"

பந்தயத்தன்றும் அவளுக்காக நான் உபவாசம்தான் இருந்தேன். நான் கட்டிக்கொடுத்த இட்லியைத் தன்னோடு ஓடுகிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம்!

"ஏட்டி, அன்னைக்கே வாயத் திறந்து சொன்னா என்ன?" என்று கத்தினேன்.

"உபவாசம் இருக்கத வெளிய சொல்லக் கூடாதுன்னு ஞாயிறு பள்ளியில சொல்லிக் கொடுத்தாவள்லா?"

டாக்டர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வெயில்ல வெறும் வயிறா ஓடுனா யாரா இருந்தாலும் விழத்தான் செய்வாங்க" என்றார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் கைகளை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னேன். யோசித்துப் பாருங்கள். அன்றும் அவள் பட்டினியாக வந்திராவிட்டால் காரணம் வெளியே வந்திருக்காது. பயந்து பயந்தே அவளை வீட்டில் உட்கார வைத்திருப்போம். கர்த்தர் அந்த உபவாசத்தை வைத்தே உண்மையை வெளியே கொண்டுவந்தார்.

இந்த ஆண்டு அதே மைதானம், அதே ஓட்டம். போட்டி அன்று காலையில் என் மகள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "நீ சாப்பிடுமா, அப்பதான் நான் சாப்பிடுவேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஜெபித்தோம். இப்போதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கமே அதுதான்.

கடைசிச் சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். சென்ற ஆண்டு விழுந்த அதே வளைவு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் என் தோளை உலுக்கி, "பாருட்டி! பாரு, உன் மவள!" என்று அலறினார். கண்ணைத் திறந்தேன். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியையும் தாண்டினாள். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டி, அடுத்த ஞாயிறு பாட்டுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. என் மகள் முதலாவதாக வந்தாள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை நான் மறைக்கவும் போவதில்லை.

பிள்ளைக்காகக் கலங்கி நிற்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, கர்த்தரிடம் கேளுங்கள். நான் கேட்டது என் பிள்ளையின் நெஞ்சில் குறை இருக்கக் கூடாது என்பது மட்டும்தான். முதலிடத்தை நான் கேட்கவே இல்லை.