எஃப்.சி. காட்ட வந்த மாப்பிள்ளை

என் தொழிலில் முதல் கேள்விக்கு எதிரில் இருப்பவருக்கு வேர்க்கும், இரண்டாவது கேள்விக்கு எனக்கு வேர்க்கும். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் நான் எச்.ஐ.வி. ஆலோசகர். யாரோடு, எப்போது, ஆணுறை போட்டா போடாமலா என்று கேட்டு, ஆபத்து எவ்வளவு, அதை எப்படிக் குறைப்பது என்று சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் ஏடாகூடமாகக் கேள்வி கேட்டே பிழைக்கும் கல்யாணத் தரகர்களே, இன்சூரன்ஸ் ஏஜென்டுகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

புடவைக்கு அந்தப் பக்கம்

மதுராந்தகம் அருகே ஒரு கிராமத்தில் முகாம். ரகசியம் காக்கவென்று பள்ளிக்கூட வராந்தாவில் பழைய புடவையைக் கட்டித் தடுப்பு செய்திருந்தோம். உள்ளே வந்தவர் நெல் மூட்டை தூக்குகிறவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். "கடைசியாக உறவு எப்போது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். யோசித்தார், விரல் விட்டு எண்ணினார், ஒன்றும் பிடிபடவில்லை. புடவைப் பக்கம் திரும்பி, "ஏம்மே, நாம கடைசியா எப்போ?" என்று உரக்கக் கேட்டுவிட்டார்.

வெளியே சுகர் டெஸ்டுக்கு நின்ற வரிசையில்தான் அவர் மனைவி நின்றிருந்தார். அங்கிருந்தே பதில் வந்தது: "ஐய, பொண்ணு கல்யாணத்துக்கு முன்ன. அத எதுக்கு அந்தம்மா கேட்டுகினு கீது?"

எஃப்.சி.

குமாருக்குப் படாளம். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறான். அவனைப்போல ஒழுங்காகப் பரிசோதனைக்கு வருகிற ஆளை நான் பார்த்ததில்லை. நான் கொடுக்கும் ஆணுறைப் பொட்டலத்தை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போவான். ஒருநாள் பிடித்து உட்கார வைத்து விசாரித்தேன். வண்டியை எஃப்.சி. காட்டித் தகுதிச் சான்று வாங்கிவிட்டால் அடுத்த எஃப்.சி. வரை கவலை இல்லையாம். அதேபோல இங்கே 'இல்லை' என்று வந்துவிட்டால் அடுத்த பரிசோதனை வரை உடம்புக்கும் ஒன்றும் ஆகாதாம்.

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. "எஃப்.சி. வாங்கின மறுநாளே பிரேக் இல்லாமல் ஓட்டினால் என்னப்பா ஆகும்?" என்றேன். மேஜைமேல் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத்தினி நாளா பிரேக்க இங்கியே வெச்சிட்டு பூட்டேனா மேடம்?"

கூடுவாஞ்சேரிப் பெண்

அதன்பிறகு பொட்டலத்தை மறக்காமல் எடுத்துப் போனான், உபயோகித்தான், ஒரே ஒரு தடவை தவிர. அன்றைக்குக் குடி. மூன்று நாளுக்குள் வந்திருந்தால் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கலாம். வந்ததோ மூன்று வாரம் கழித்து, கூடவே கல்யாணச் செய்தியோடு. பெண் கூடுவாஞ்சேரி, பெயர் கோமதி, கம்பெனி வேலை, அடுத்த மாதம் முகூர்த்தம். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இவ்வளவு சீக்கிரத்தில் தெரியாமலும் இருக்கலாம், மூன்று மாதம் முடிந்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயம். கல்யாணத்தைத் தள்ளிப்போடு, இல்லாவிட்டால் அதுவரை ஆணுறை போடு, எதுவானாலும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்து செய் என்றேன்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்றான். நான் சொல்லக் கூடாது, நீ சொல்லும்போது பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். "அவ செருப்பால அட்ச்சா கூட வாங்கிக்குவேன். ஒண்ணும் பேசாம எய்ந்து பூட்டான்னா இன்னா மேடம் பண்ணுவேன்?"

கோமதி

கோமதி எழுந்து போகவில்லை. என் அறைக்கே அவளைக் கூட்டி வந்து அவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். மூன்று மாதத்தில் இல்லையென்றால் நிஜமாகவே இல்லையா? நடுவில் புதிதாக ஒன்றும் நடக்காவிட்டால் இல்லை என்றேன். இருந்தால்? மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உறவில் பரவாது, குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம் என்றேன்.

"கல்யாணத்த தள்ளிக்கலாம். கம்பெனில லீவு இல்லன்னு வூட்ல நா சொல்லிக்கிறேன்" என்றாள். பிறகு தன் கையை நீட்டி, "எனக்கும் எடுங்க மேடம்" என்றாள். குமார் திடுக்கிட்டு, "உனக்கு எதுக்கு?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "உனக்கு எதுக்குன்னு நா கேட்டனா? நீயா சொன்ன, கேட்டுக்கினேன். நானா சொன்னா நீ கேட்டுக்கோ."

பந்தியில்

மூன்று மாதம் முடிந்து வந்தார்கள். இருவருக்குமே இல்லை. குமார் மேஜையில் கவிழ்ந்து அழுதான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் என்ன வெட்கம்? கோமதி பத்திரிகை கொடுத்தாள். வழக்கமாக மையத்துக்கு வருகிறவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதில்லை. இந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை.

பந்தியில் கோமதியின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். லீவு இல்லையென்று மகள் முகூர்த்தத்தையே தள்ளிவிட்டாளாம், சொந்தக்காரர்கள் முன்னால் தலைகாட்ட முடியவில்லையாம், அவளோடு பல நாள் பேசவே இல்லையாம். எல்லாம் கொட்டிவிட்டு, "ஆமா, நீ யாரும்மா? பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்றார். இலையில் இருந்த அப்பளத்தைக் கையில் எடுத்தேன். ஒரு வார்த்தை பிசகினால் அந்தப் பெண் இத்தனை நாள் திட்டு வாங்கிக் காப்பாற்றியதெல்லாம் போய்விடும். அதற்குள் பந்தியை விசாரிக்க வந்த கோமதி என் தோளில் கை வைத்தாள். "ரெண்டு வூட்டுக்கும் வேண்டியவங்கம்மா. பாயசம் வைக்க சொல்லு."

ஊரார் படுக்கையறை வரை கூசாமல் கேள்வி கேட்கிற நான், நீ யார் என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.