ஏழு நாள் குடித்த பவுடர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கிரேன் என்று பேர். ஈரப் போர்வை மூட்டையை இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஒருத்தியாகத் தூக்கி உலர்த்தும் இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளிவிடுவாள். நாற்பத்தெட்டு வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்துப் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மா ஓர் இரும்புக் கம்பியைக் காட்டி, "இதைத் தூக்கப் பழகுங்கக்கா, அப்புறம் மூட்டை தானா லேசாகும்" என்றார். மூன்றே வருஷத்தில் தரையிலிருந்து நூறு கிலோ தூக்கினாள்.

மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளை வேறு ரகம். கட்டிலுக்கடியில் போன செருப்பை எடுக்கக்கூடக் குனியாத உடம்பு. முதலில் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றான். பிறகு காந்தப் படுக்கை. அதுவும் படுத்துவிட, புரதப் பவுடர் ஏஜென்சி எடுத்தான். போகிற இடமெல்லாம் பவுடர் கலக்கும் பாட்டிலைக் கடகடவென்று குலுக்கிக்கொண்டே போவான். அந்த வீட்டில் பாட்டில் மட்டும்தான் உடற்பயிற்சி செய்தது.

"குடிச்சுப் பாருங்க அத்தை, பளு தூக்குற போட்டியில உங்களை அடிச்சுக்க ஆளே இருக்காது" என்று ஒரு டப்பாவை நீட்டினான். மகள் முகத்துக்காக வாங்கிக்கொண்டாள். ஏழு நாள் குடித்தாள். வயிறு உப்பியது, மூட்டைக்குக் குனிந்தால் மூட்டைக்கு முன் ஏப்பம் எழுந்தது. எட்டாம் நாள் டப்பாவைப் பிசியோ அம்மாவிடம் காட்டினாள்.

அவர் லேபிளைப் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "ஒரு கரண்டியில ரெண்டு முட்டை அளவு புரதம்தான் இருக்கு. மிச்சமெல்லாம் சர்க்கரையும் வாசனையும். சாப்பாட்டுல புரதம் பத்தலைன்னா நல்ல பவுடர் கை கொடுக்கும், இல்லைன்னு சொல்லல. கிரியேட்டின்னு ஒண்ணு இருக்கு, அதுவும் பயிற்சியோட சேர்ந்தா கொஞ்சம் பலம் கூட்டும். இந்த டப்பாவுல அது பேருக்குத்தான். உங்களுக்குக் குறையுறது தூக்கம்கா. ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்து கம்பியைத் தூக்குனா தசை எப்பத் தேறும்?"

அவள் நேராக மேற்பார்வையாளரிடம் போய், இனி இரட்டை ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாதம் வயிறாரச் சாப்பிட்டு, கண்ணாரத் தூங்கினாள். ஐம்பது தாண்டியவர்களுக்கான போட்டியில் நூற்றுப் பதினைந்து கிலோ தூக்கி இரண்டாவதாக வந்தாள்.

மறுமாதம் மாப்பிள்ளை கடை திறந்தான். வாசலில் ஆளுயரத்துக்கு அவள் படம். கீழே, 'எங்கள் பவுடர் தந்த வெற்றி!' அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திறப்பு விழாவுக்கு வந்திருந்த அவளைத் தொந்தி வைத்த ஒருவர் ஆவலோடு நெருங்கினார். "எத்தனை கரண்டிம்மா குடிச்சீங்க?"

"ஏழு நாள் குடிச்சேன். வயிறு ஊதிப்போச்சு, விட்டுட்டேன்."

கல்லாவில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை பல்லைக் காட்டினான். "அத்தை எப்பவுமே தமாஷாப் பேசுவாங்க சார்."

"தமாஷ் இல்ல மாப்பிள்ளை. படத்தை எடுத்துடுங்க."

தொந்திக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாக்லேட் வாசனையில் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனார். செவிடன் காதிலாவது சங்கு கொஞ்சம் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கே வந்துவிட்டான். "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டீங்களே அத்தை. பயிற்சியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"காலையில வாங்க. வெறும் கம்பியைத் தோள்ல வச்சு உக்காந்து எந்திரிங்க. அப்புறம் பேசலாம்."

ரோஷத்தில் வந்தான். இருபது கிலோக் கம்பியோடு முப்பது முறை உட்கார்ந்து எழுந்தான். கடைசிப் பத்துக்கு முனகல்தான் எண்ணிக்கை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனான். மறுநாள் காலை போன் வந்தது.

"அத்தை, தொடை ரெண்டும் கல்லாட்டம் இருக்கு. கக்கூஸ்ல உக்கார முடியல. இதுக்கு என்ன பண்ணணும்?"

"தசை வலிக்குன்னே ஒரு அலமாரி டப்பா அடுக்கி வச்சிருக்கீங்களே."

"எல்லாத்துலயும் ஒரு கரண்டி குடிச்சுப் பாத்துட்டேன்."

"அப்பத் தூங்குங்க. நாளைக்கும் வலிக்கும். அப்புறம் தானா விட்டுடும்."

விட்டது. நான்காம் நாள் அவன் கோணாமல் நடந்தான். ஐந்தாம் நாள் அவள் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் படத்தை மாட்டினான்: 'என் சொந்த அனுபவம்: மூன்றே நாளில் தசை வலி போயே போச்சு!'

மகள்தான் வந்து சொன்னாள். "இவரை என்னம்மா பண்றது?"

"பொழுது விடியறதுகூட அந்த டப்பாவாலதான்னு ஒரு வரி சேத்து எழுதச் சொல்லு" என்றாள் அவள், முட்டையை உரித்துக்கொண்டே.

அடுத்த போட்டியில் நூற்றிருபது தூக்கினாள். படம் எடுக்க யாரையும் விடவில்லை.