ஆடிக்கு அழைக்கப் போனது

அந்த வேனுக்குக் கிச்சாப் வேன் என்றுதான் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பக்கம் பேர். அப்பா ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்போம், டிரைவர். தவுக்கே கிச்சாப் என்கிற சோயா சாஸைக் காய்ச்சி பாட்டிலில் அடைப்பார், அப்பா அதை செங், புக்கிட் பாரு என்று கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவார். வண்டி முழுக்க அந்தக் கரிப்பு வாடை. ஒரு பக்கக் கதவு திறக்கவே திறக்காது. கண்ணாடியை ஏற்றினால் இறங்காது, இறக்கினால் ஏறாது. அந்த ஓட்டை வண்டியை தவுக்கேயிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் மலாக்காவிலிருந்து ஈப்போவுக்கும் அப்பால் போனோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போனோம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தெருவில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

போனது என் அக்காவை வீட்டுக்குக் கூட்டிவர. தை மாசம்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஒரு ரப்பர் தோட்டத்துக் கங்காணியின் மகன். கங்காணி வீட்டுச் சம்பந்தம் என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். ஆனி மாசம் அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு மலாக்கா வந்தவள், எங்கள் வீட்டைத் தேடி வந்து அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாப்பிள்ளை கள்ளுக் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், மாமியார்க்காரி தடுக்கிறதில்லை, அக்காவுக்கு ஒரு கை மணிக்கட்டு பிசகியிருக்கிறது, அந்த வீங்கின கையோடேயே பால்மரம் வெட்டப் போகிறாள். கடைசியில் அக்கா சொல்லியனுப்பியதையும் சொன்னாள். அப்பாவை ஆடிக்கு அழைக்க வரச் சொல்லு. வந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், நான் பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன்.

அவளாக வந்துவிட முடியாதா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கும். வந்தால் வாழாவெட்டி. ஓடி வந்தவள் என்று பேர் கட்டிவிடுவார்கள். ஆனால் கல்யாணமான முதல் ஆடிக்கு, பெண்ணைப் பெற்றவர்கள் சீரோடு போய் அழைத்தால் எந்தச் சம்பந்தியும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அழைத்து வந்துவிட்டால் அப்புறம் அனுப்பாமல் இருப்பது நம் கையில். அம்மா போட்ட கணக்கு இதுதான், நல்ல கணக்குத்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்காச் செட்டி அம்மா இருந்தார், தமிழ் மறந்துபோன பழைய குடி. நாங்கள் கும்பிடுகிற மாரியம்மனைத்தான் அவரும் கும்பிடுவார், ஆனால் பேசுவதெல்லாம் மலாய். அம்மா அவரிடம் மலாயிலேயே இந்த ஆடி, சீர், அழைப்பு எல்லாவற்றையும் விளக்கினாள். அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. இதுக்கு எதற்கு இவ்வளவு, போ, கையைப் பிடி, கூட்டிக்கிட்டு வா என்று முடித்துவிட்டார். அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாது என்று அம்மா அன்றைக்குச் சிரித்தாள். அந்தத் தெருவிலேயே புத்தியோடு பேசின ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குப் புரியப் பல காலம் ஆயிற்று.

வண்டி தம்பின் ஊரைத் தாண்டியதிலிருந்து அப்பா சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஆடிக்குப் பிள்ளையை அழைச்சிட்டுப் போக வந்திருக்கோம், சம்பந்தி." இதுதான் வாக்கியம். அம்மா திருத்துவாள். வந்திருக்கோம் என்று இழுக்காதீங்க, கெஞ்சுகிற மாதிரி இருக்கு. அப்பா மறுபடி சொல்லுவார். சிரம்பானிலும் அதே, கோலாலம்பூரிலும் அதே. எனக்கே மனப்பாடமாகிவிட்டது. மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்குச் சில வாரங்களே இருந்தன. போகிற ஊரிலெல்லாம் சாலைக்குக் குறுக்கே வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதை எட்டி எட்டிப் பார்க்க ஆசை. அம்மா ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் சீர்த் துணி, வாயில் மாரியம்மா.

தஞ்சோங் மாலிம் பக்கம் வண்டி கொதித்து நின்றது. கால்வாய்த் தண்ணீரை டப்பாவில் மொண்டு மொண்டு ஊற்றினோம். அதுவாவது பரவாயில்லை. தாப்பாவுக்கு முன்னால் சாலையை மறித்திருந்தார்கள். அவசரகாலம் இன்னும் முடியவில்லை, காட்டுக்குள் கம்யூனிஸ்ட் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கம் யாரும் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது என்ற சட்டம். மலாக்காவில் அந்தக் கெடுபிடியெல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. எங்களுக்கு ஞாபகமே இல்லை. பெண் வீட்டுச் சீர் என்றால் அரிசி, பருப்பு, வெல்லம், சீனி, எண்ணெய். பின்னால் சாக்கோடு அடுக்கியிருந்தது. அக்காவுக்குப் பிடிக்கும் என்று அம்மா கிண்டின புளிச்சோறு வேறு ஒரு தூக்கு நிறைய.

வண்டியைத் திறந்து பார்த்த மலாய்க்காரப் போலீஸ் மாத்தாவுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். இதெல்லாம் யாருக்கு என்று கேட்டார். மகளுக்கு என்றார் அப்பா. ஒரு மகள் இவ்வளவு சாப்பிடுவாளா என்று கேட்டார். சீர் என்பதற்கு மலாயில் என்ன சொல்வது? அப்பா திக்கித் திணறினார். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருத்தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றதும் அதுவும் நின்றுபோய்விட்டது. எல்லாவற்றையும் இறக்கினார்கள். மாத்தா நல்ல மனுஷர், உள்ளே தள்ளாமல் விட்டார். புளிச்சோற்றைச் சாலையோர வடிகாலில் கொட்டச் சொன்னார். அம்மா தன் கையாலேயே கொட்டினாள்.

மிச்சம் இருந்தது ஒரு சேலை, ஒரு வேட்டி. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெறுங்கையோடு போய் எப்படிக் கேட்கிறது என்றார். அம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். துணி இருக்கு. நடந்ததைச் சொல்லுங்க, அவங்களும் இந்த ஊர்ல இருக்கிறவங்கதானே, புரியும். சீருக்காகவா போறோம், பிள்ளைக்காகப் போறோம். அப்பா தலையாட்டினார். ஆனால் அதுக்கப்புறம் வழியில் அந்த வாக்கியத்தை அவர் சொல்லிப் பார்க்கவே இல்லை.

தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி. வாசலில் காவல். பேர் சொல்லி உள்ளே போனோம். கங்காணி வீடு மட்டும் தனியாக, சிமெண்டுத் தரையோடு. சம்பந்தி வாங்க வாங்க என்றார், நாற்காலி போட்டார். மாப்பிள்ளை கள்ளுக்கடையில் இருந்தார். நான் நழுவி உள் அறைப் பக்கம் போனேன். அக்கா வெளியே போகிற சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்திருந்தாள். பச்சைத் தகரப் பெட்டி கயிறு போட்டுக் கட்டி கதவோரம் இருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு! வேலிக் கதவில் வேன் சத்தம் கேட்டதுமே தயாராகிவிட்டிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குக் காது கொடுத்தாள்.

கோப்பி வந்தது. பசியாறினீங்களா என்று விசாரித்தார்கள். அப்புறம் சம்பந்தி, எல்லாரும் கேட்கிற மாதிரிதான், சிரித்துக்கொண்டே கேட்டார். "என்ன சம்பந்தி, இவ்வளவு தூரம்? சொல்லியனுப்பக்கூட இல்லையே, ஏதும் விசேஷமா?"

அப்பா சொன்னார், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாதான். பார்த்துட்டுப் போகலாம்னு."

சும்மாதான்! மலாக்காவிலிருந்து வண்டியைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டிக்கொண்டு வந்து, சும்மாதான். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். நம் ஆட்கள் வாயில் அது தானாக வரும். கடன் கேட்க வந்தவனும் சும்மாதான் வந்தேன் என்பான், சாவுச் சேதி கொண்டுவந்தவனும் முதலில் சும்மாதான் என்பான். வந்ததும் வராததுமாகக் காரியத்தைப் பேசினால் மரியாதை இல்லை. கொஞ்சம் பேசிவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்திருப்பார். வெறுங்கை வேறு கூசியிருக்கும். மரியாதையாம் மரியாதை!

அக்கா என் கையை விட்டுவிட்டாள்.

முன்னறையில் அப்பா ரப்பர் விலை பேசினார், மெர்டேக்கா வந்தால் தோட்டமெல்லாம் என்ன ஆகும் என்று பேசினார். வெயில் சாய்ந்துகொண்டே போனது. பொழுது சாய்ந்தால் வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் நாங்கள் வெளியே போயாக வேண்டும். அம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். ஆடி மாசம், பிள்ளையை ஒரு நடை அழைத்துப் போகலாம் என்று நினைத்தோம் என்று ஆரம்பித்தாள். வழியில் அரிசியைப் பிடுங்கிக்கொண்டதையும் சொல்ல வந்தாள். சம்பந்தியம்மா முடிக்க விடவில்லை.

"அழைக்க வர்றவங்க சீரோட வருவாங்க. அண்ணன்தான் அப்பவே சொல்லிட்டாரே, சும்மா பார்த்துட்டுப் போக வந்தோம்னு."

சம்பந்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா இல்லை என்று சொல்லியிருக்கலாம். மகளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். மனுஷன் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே திரும்பிப் பார்த்தபோது அக்கா தரையில் உட்கார்ந்து பெட்டிக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை சரியாக வரவில்லை.

வழியனுப்ப வேன் வரைக்கும் வந்தாள். மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, உதடு அசையாமல், பெட்டியை எடுத்துக்கிட்டு வந்து ஏறிடும்மா, என்ன ஆனாலும் நான் பார்த்துக்கிறேன் என்றார். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட இல்லை. மாமியாருக்குக் கேட்காத குரலில், யாரோ தெரியாதவரிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"அவுத்து வெச்சுட்டேன்பா. இனிமே சும்மா வராதீங்க."

ஈப்போ தாண்டி அப்பா வண்டியைச் சாலையோரம் நிறுத்தினார். திரும்பிப் போகலாம் என்றார். திரும்பிப் போய் என்ன சொல்வீங்க என்று அம்மா கேட்டாள். அப்பா அழுதார், மூக்கைத் துண்டில் சிந்திவிட்டு வண்டியை எடுத்தார். தீபாவளிக்கு நிறையச் சீரோடு போய்க் கூட்டிவந்துவிடலாம் என்று எங்கள் மூன்று பேருக்குள்ளும் ஒரு நினைப்பு இருந்தது.

தீபாவளிக்கு முன்னாலேயே தந்தி வந்து போனோம். அந்தத் தடவை வெறுங்கையோடுதான் போனோம். எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.