பதினோராம் நிமிடம்

ரேடியோவுக்கு ஐந்து வயது இருக்கும்போதே, அப்பாவின் அடி எப்போது விழும் என்று குரலை வைத்தே சொல்லத் தெரியும். கத்தினால் விழாது. குரல் தணிந்தால் இடுப்பிலிருந்து பெல்ட் கழன்றுவிட்டது என்று அர்த்தம். உடனே அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். அண்ணன் அவளைவிட நான்கு வயது பெரியவன். ஆனால் அவனுக்கு அந்தக் காது கிடையாது. அவள் இழுக்காத நாளெல்லாம் முதுகு பழுக்க வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததும் குரலால்தான். கேட்ட குரலை அப்படியே திருப்பித் தருவாள். அப்பாவைப் போலத் தொண்டையைச் செருமினால் அம்மா அடுப்பை விட்டு எழுந்து நிற்பாள். அண்ணனைப் போல வாசலில் நின்று "அம்மா, பசிக்குது" என்றால் தட்டு வந்துவிடும். வந்து பார்த்து ஏமாந்த அம்மா, "பிள்ளைன்னு நெனச்சு ரேடியோப் பெட்டியைப் பெத்து வச்சிருக்கேன்" என்று தலையில் குட்டுவாள். பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைப் பதிவேடு மட்டுமே கூப்பிட்டது.

அப்பா ஒரு பழைய இரும்புக் கிடங்கில் மேஸ்திரி. உடைந்த கார்களும் கப்பல் தகடுகளும் மலைபோலக் குவிந்திருக்கும் இடம். நடுவில் ஒரு பெரிய குழி. அதற்குள் நின்று ஆட்கள் இரும்பை வெட்டுவார்கள். பக்கத்தில் ஒரு கிரேன், அதன் நுனியில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு காந்தம். மின்சாரம் போட்டால் அரை டன் இரும்பு ஒட்டிக்கொண்டு எழும்பும். நிறுத்தினால் மொத்தமும் விழும். கிரேன் மேலே இருக்கிறவருக்குக் குழியின் அடி தெரியாது. அதனால் அங்கே ஒரு முறை இருந்தது. காந்தத்தைக் குழிக்கு மேலே கொண்டுவந்ததும் அவர் "விடறேன்" என்று கூப்பிடுவார். குழியில் இருக்கிறவன் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டு "ஆச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் அவர் கை சுவிட்சைத் தொடாது. பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு அண்ணன் அந்தக் குழியில் இறங்கினான். ரேடியோ படிப்பை விடவில்லை. காலையில் பல்கலைக்கழகம், மதியத்துக்கு மேல் கிடங்கில் எடைச்சீட்டு எழுதும் வேலை. அவள் மேசை கிரேனுக்கு நேர் அடியில், அதன் நிழலில் இருந்தது.

முதல் வருஷத்தில் மொழி மானிடவியல் என்று ஒரு பாடம். வகுப்பு காலையில் முடிந்துவிடும் என்பதற்காக மட்டும் அதை எடுத்தாள். ஏதோ இலக்கணம் நடத்துவார்கள் என்று நினைத்துப் போனால், பாடம் எடுத்த அம்மையார் புத்தகத்தையே திறக்கவில்லை. "உங்க வீட்டுல யாருக்காவது கோபம் வந்தா என்ன சொல்வாங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார்.

ஒருவன் "எங்க அப்பா பேசவே மாட்டாரு, மேடம். டிவி சத்தத்தைக் கூட்டிடுவாரு" என்றான். ஒரு பெண், "எங்கம்மா என்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்றாள். ரேடியோவின் முறை வந்தது.

"பல்லைக் கழட்டிக் கையில குடுத்துடுவேன்னு சொல்வாங்க, மேடம்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "கவர்ல போட்டா, சும்மாவா?" என்றான்.

"உன்னோடதை மட்டும் சாக்குல போடணும். வாய் அவ்வளவு பெருசு" என்றாள் அவள், அவனுடைய குரலிலேயே. வகுப்பு இன்னும் பெரிதாகச் சிரித்தது.

மேடம் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, "நெசமாவே அடிப்பாங்களா?" என்று கேட்டார்.

"சொல்றப்ப அடிக்க மாட்டாங்க. அடிக்கறப்ப சொல்ல மாட்டாங்க."

அவளுக்குத் தெரிந்த ஒன்றை யாரோ எழுதி வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அந்தப் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது. மற்ற பாடங்களில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவள் இதில் முதல் பெஞ்சுக்கு வந்தாள்.

பருவத் தேர்வுக்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஓர் இடத்தில் ஆட்கள் இயல்பாகப் பேசுவதை இருபது நிமிடம் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதைத் தாளில் எழுத வேண்டும். யார் பேசியது, எங்கே நிறுத்தியது, யார் பேச்சில் யார் குறுக்கே விழுந்தது என்று ஒன்று விடாமல். பதிவில் இருக்கும் எல்லோரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்க வேண்டும். பிற்பாடு அவர்களில் யாராவது வேண்டாம் என்றால் பதிவை அழித்துவிட வேண்டும். தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

ரேடியோ கிடங்கைத் தேர்ந்தெடுத்தாள். ஆட்கள் கரி படிந்த கையோடு கையெழுத்துப் போட்டார்கள்.

"எங்க கெட்ட வார்த்தைக்கெல்லாம் பட்டம் குடுப்பாங்களா?" என்று கேட்டான் அண்ணன்.

"உனக்கு டாக்டர் பட்டமே குடுப்பாங்க."

கிரேன்காரர் மட்டும் தாளை முழுசாகப் படித்தார். மெலிந்த மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். "பாப்பா, நான் மேல உக்காந்து என்னத்தைப் பேசப்போறேன்? விடறேன், விடறேன்னு இருபது தடவை இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

மேசை மேல் போனை வைத்துப் பதிவைத் தொடங்கினாள். அண்ணன் குழிக்குள் இறங்கியிருந்தான்; மற்றவர்கள் மேசையைச் சுற்றி வேலை பார்த்தார்கள். தொடங்கியதும் ஆட்களுக்கு வாய் கட்டிப்போனது. கொஞ்சம் முன்னால் ஒருத்தன் குடும்பத்தையே இழுத்துத் திட்டியவன், "அந்தச் சுத்தியலைச் சற்றுக் கொடுக்க முடியுமா?" என்று செய்தி வாசிப்பவனைப் போலக் கேட்டான். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் ஓடிவிட்டது. இப்படியே போனால் வகுப்பில் காட்ட எதுவும் இருக்காது. அவர்களைச் சிரிக்க வைத்தால் பேச்சு வரும் என்று நினைத்தாள். குரல்களை எடுத்து விட ஆரம்பித்தாள். முதலாளியின் இருமல். அப்பாவின் வசவு. லாரி டிரைவரின் மூக்குப் பேச்சு. ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன், "மேஸ்திரி கேட்டா உன் தோலை உரிச்சிடுவாரு" என்றான். இன்னொருவன் பதிலுக்கு ஏதோ திட்டினான். பேச்சு கிளம்பிவிட்டது. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அப்போதுதான் இரும்பு விழுந்தது.

தரை அதிர்ந்தது. குழிக்குள்ளிருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம். அண்ணன் ஏறி வந்தான். ஒரு தகடு இடது தொடையைக் கீறிக்கொண்டு போயிருந்தது. கால்சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் உடம்பு இரண்டாகியிருக்கும். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே கிடந்த குழாயை எடுத்தான். என்ன ஆனதோ என்று பதறி, கிரேன்காரர் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் அவர் கால் வைத்தபோது முதல் அடி முழங்காலில் விழுந்தது. சரிந்தவரின் தாடையில் இரண்டாவது. எலும்பு உடைந்த சத்தம் ரேடியோவின் மேசை வரை கேட்டது. அவர் தரையில் கிடந்து கையை உயர்த்தினார். கையிலும் அடித்தான். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அவனை அசைக்க முடியவில்லை. கடைசியில் அப்பா வந்து பின்னாலிருந்து கழுத்தை இறுக்கிய பிறகுதான் குழாய் கீழே விழுந்தது. மண்ணில் இரண்டு பல் கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கிரேன்காரரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் பேச முடியாது. தாளில் எழுதிக் காட்டினார்: "அவன் ஆச்சுன்னு சொன்னான்." அண்ணன் தொடையில் பதினோரு தையலோடு சத்தியம் செய்தான்: "என் வாயிலேர்ந்து வரவே இல்ல." குழிக்குள் கட்டர் சத்தத்தில் "விடறேன்" கூடக் கேட்கவில்லை என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா தன் மகன் பக்கம்தான் நின்றார். "கவனக்குறைவு. சாவடிக்கப் பாத்தான், பையன் ஆத்திரத்துல கை நீட்டிட்டான். இதுக்குப் போய் போலீஸ் எதுக்கு?" என்றார். முதலாளிக்கும் அதுவே வசதி. திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு விசாரிப்பது, அன்றே கிரேன்காரரின் வேலையைப் பிடுங்குவது என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோ வீட்டில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவை எழுத உட்கார்ந்தாள். ஒரு நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. மற்றவர்கள் பேசியதை வரிவரியாக எழுதினாள். தன் குரல் வந்த இடங்களில் "சிரிப்பு" என்று மட்டும் போட்டுக்கொண்டே வந்தாள். பதினோராம் நிமிடத்தில், எல்லோருடைய சிரிப்புக்கும் அடியில், மேலிருந்து ஒரு குரல் கேட்டது. விடறேன். தினமும் காதில் விழுந்து பழகியதால் அன்று அவள் கவனிக்காமலே போன குரல். கொஞ்சம் இடைவெளி. மறுபடி, விடறேன். அதை ஒட்டி அண்ணனின் குரல், தெளிவாக, பக்கத்தில்: "ஆச்சு."

பக்கத்தில். குழி அங்கிருந்து முப்பது அடி தள்ளி இருந்தது.

மறுபடி போட்டுக் கேட்டாள். "ஆச்சு" முடிந்ததும் அவளுடைய சிரிப்பு. மூச்சு இடைவெளிகூட இல்லை. லாரி டிரைவருக்கு அடுத்து, உற்சாகத்தில் தனக்கே நினைவில்லாமல், அவள் அண்ணனை எடுத்து விட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு இரும்பு. அதற்குப் பிறகு நாற்பது நொடி, அடி விழும் சத்தம் மட்டும்.

போனை எடுத்துக்கொண்டு அண்ணனின் அறைக்குப் போனாள்.

அண்ணன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவனிடம் சொன்னாள். அவன் எழுந்த வேகத்தில் தையல் பிரிந்திருக்கும். ஒரு கையால் அவள் தொண்டையைப் பிடித்துச் சுவரில் அழுத்தினான். மாடிப்படிக்கு அடியில் அவள் மடியில் தலைவைத்து அழுதவனின் முகம் அது இல்லை. அவளுக்குக் கண் இருட்டியது. பிறகு அவனாகவே விட்டான்.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"அப்ப அழிச்சுடு."

"அண்ணா, அவரு சும்மா விடல. பதில் கேட்டுட்டுதான் விட்டாரு. அவரு மேல தப்பே இல்ல."

"தப்பில்லாத ஆளைத்தான் நான் அடிச்சேன்னு ஊருக்குச் சொல்லப்போறியா? நான் உள்ள போவேன். நீயும் போவ." பிறகு கொஞ்சம் யோசித்து, "நான் கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன எழுதியிருந்துச்சு? வேண்டாம்னா அழிக்கணும். நான் வேண்டாங்கறேன். உங்க மேடத்தோட சட்டம்தானே? அழி" என்றான்.

அவன் முன்னாலேயே அழித்தாள். எழுதிய தாள்களையும் அவன் வாங்கிக் கிழித்தான்.

திங்கட்கிழமை காலை வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். மேடம் அவள் கழுத்தில் இருந்த விரல் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம் நீ அழிச்சது சரி. வேற பதிவு கொண்டு வா, ரெண்டு வாரம் நேரம் தரேன்."

"அது இல்ல, மேடம். நான் கேட்டதை வெளிய சொல்லலாமா?"

"நீ அங்க வெறும் பதிவு பண்ணினவளா மட்டும் இருந்தா நான் யோசிப்பேன். ஆனா நீ பேசியிருக்க. நீ பேசினதைச் சொல்ல யாரோட கையெழுத்தும் வேண்டாம்." பிறகு, "தனியா போகாதே, நான் கூட வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம், மேடம். வெளி ஆளைக் கண்டா அப்பா இன்னும் மோசமாயிடுவாரு."

முதலாளியின் அறையில் அப்பா, அண்ணன் உட்பட ஒன்பது பேர் நின்றார்கள். நாற்காலி முதலாளிக்கும் கிரேன்காரருக்கும் மட்டும். அவர் முகம் பூசணிக்காய் போல வீங்கி, மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. உதட்டு ஓரத்தில் எச்சில் வழிய, அதை மடியில் வைத்திருந்த துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் முன்னால் ஒரு தாளும் பேனாவும். வேலையை விட்டுப் போகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

"ஆச்சுன்னு சொன்னது அண்ணன் இல்ல. நான்" என்றாள் ரேடியோ கதவருகில் நின்று.

அப்பா திரும்பினார். "வீட்டுக்குப் போ" என்றார். குரல் தணிந்திருந்தது. அவளுக்குத் தெரியும். ஆனாலும் நகரவில்லை.

முதலாளி சலித்துக்கொண்டார். "பொம்பளைப் பிள்ளை, பாவப்பட்டு ஏதோ சொல்லுது. இத்தனை வருஷம் கேட்ட குரல் அவருக்குத் தெரியாதா? ஒழுங்கா எழுதிட்டுப் போகச் சொல்லுங்க."

கிரேன்காரர் அவளைப் பார்க்கவே இல்லை. பேனாவை எடுத்தார்.

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டாள். "ஆச்சு" என்றாள்.

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாய் மூடியிருந்தது. கிரேன்காரரின் கையிலிருந்த பேனா தாளைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

அப்பா பெல்ட்டைக் கழற்றவில்லை. கையாலேயே அடித்தார். முதல் அடியில் அவள் காது அடைத்துப்போனது. இரண்டாவதில் கதவின் விளிம்பில் விழுந்து புருவம் கிழிந்தது. அண்ணன்தான் குறுக்கே வந்தான். அவளைக் காப்பாற்றவா, தானும் அடிக்கவா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அப்பாவின் மூன்றாவது அடியை அவன் மார்பில் வாங்கிக்கொண்டு, அவரைப் பிடித்து மேசை மேல் தள்ளினான். கண்ணாடி நொறுங்கியது. முதலாளி போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டார்.

போலீஸ் வரும்வரை அண்ணன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். ஓடவில்லை. போகும்போது, "அம்மாகிட்ட நானே போனேன்னு சொல்லு" என்றான். அடைத்த காதில் அது ரேடியோவுக்குப் பாதிதான் கேட்டது.

அறை காலியானது. அவள் புருவத்தைக் கையால் அழுத்திக்கொண்டு கிரேன்காரரின் முன்னால் போய் நின்றாள். விரல் இடுக்கில் ரத்தம் இறங்கியது. "அண்ணே" என்றாள். பையன்களைச் சிரிக்க வைக்கத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

அவர் கிழிந்த தாளைத் திருப்பிப்போட்டார். வெகுநேரம் எழுதினார். மணிக்கட்டிலும் கட்டு இருந்தது. அவள் பக்கம் நகர்த்தினார்.

"வந்து சொன்னதுக்கு நான் உனக்குக் கெடுதல் நினைக்க மாட்டேன். ஆனா திரும்பவும் நான் மேல ஏறும்போது கீழ நீ இருக்கக் கூடாது. எந்தக் குரலை நம்பறதுன்னு எனக்குத் தெரியாது. கிடங்குக்குள்ள இனிமே வராதே."

ரேடியோ இரண்டு தடவை படித்தாள். எடைச்சீட்டுப் புத்தகத்தையும் மேசைச் சாவியையும் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சரிண்ணே" என்றாள், தன்னுடைய சொந்தக் குரலில், மெதுவாக.