அத்தா வரும்வரை பழைய ரூட்டர்

எங்கள் வீட்டு ரூட்டருக்கு ஒற்றை ஆன்டெனா. இன்னொன்று ஒட்டடை அடிக்கும்போது முறிந்துபோனது. அம்மாவின் அறையில் அலமாரிக்கு மேல் அது உட்கார்ந்திருக்கும். சிக்னல் கூடத்துக்கு வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். "பிளானை எவ்வளவு கூட்டினாலும் இந்தப் பொட்டி தாங்காதுங்க. புதுசா மாட்டிருங்க" என்று பிராட்பேண்ட்காரர் வரும்போதெல்லாம் சொல்வார். எனக்கும் ஆசைதான். அம்மா விடமாட்டாள்.

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் புது ரூட்டர் மாட்டினால் போதும், பக்கத்து வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்: "அவுங்க வூட்டுக்காரரு இப்போதைக்கு வரமாட்டாரு போலருக்கு." ஊருக்குத் திரும்புகிறவர் வீட்டில் வேகமான நெட் எதற்கு? எங்கள் தெருவின் நியாயம் அது. கிண்டலாகத்தான் ஆரம்பித்திருக்கும். அம்மா அதை அப்படியே நம்பினாள்.

அத்தா துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் வீடியோவில் கூப்பிடுவார். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவும் தட்டோடு உட்காருவாள். பாதியில் அத்தாவின் கை வாய்க்கருகே அப்படியே நின்றுவிடும். திரையில் வட்டம் சுற்றும். நான் எரிச்சலில் கத்துவேன். அவரோ அம்மா கட்சி.

"நாந்தான் பெருநாளைக்கு முடிச்சிக்கிட்டு வந்துடப் போறேனே. அப்புறம் யாருகிட்ட பேசுறதுக்குப் புதுசு?"

எந்தப் பெருநாள் என்று கேட்டால் சிரிப்பார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் அங்கேயே மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிடச் சம்மதித்தோம். அவரோடு அறையில் தங்கியிருந்தவர் எல்லாவற்றையும் வீடியோவில் காட்டினார். தொழுகை முடிந்தது. கப்ருக்குள் இறக்கக் குனிந்தார்கள். படம் நின்றது. வட்டம் சுற்றியது. மறுபடி தெரிந்தபோது வெறும் மண்மேடு இருந்தது. அம்மா போனை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தாள். மற்றதையெல்லாம் எப்படியோ தாங்கிக்கொண்டேன், அதை இன்றுவரை தாங்க முடியவில்லை.

அன்றே அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் கணவரை இழந்த அம்மா இத்தா இருந்தாள். அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் அறைக்குள் இருக்க வேண்டிய மாதங்கள். ரூட்டரும் அந்த அறையில்தான். பிராட்பேண்ட்காரரை எப்படி உள்ளே விடுவது? முடியட்டும் என்று விட்டேன். முடிந்தபோதோ, இனி யாரிடம் பேசப் புதுசு என்று எனக்கே ஆசை விட்டுப்போயிற்று. மதியத்தில் யாரும் கூப்பிடவில்லை. அம்மா மட்டும் உப்பு ஜாடிக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

அப்புறம் பெரம்பலூரில் நான் வேலை பார்த்த கடையை மூடினார்கள். மாமா விசா அனுப்பினார். அதே துபாய். எப்படிச் சொல்வது என்று ரொம்பத் தயங்கி, கடைசியில் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"ரெண்டே வருஷம்தாம்மா. இன்ஷா அல்லாஹ், முடிச்சிக்கிட்டு வந்துடுவேன்."

சொன்ன பிறகுதான் அது அத்தாவின் பேச்சு என்று உறைத்தது. அம்மா அழுவாள் என்று பயந்தேன். போகாதே என்று சொல்லமாட்டாளா என்றும் ஏங்கினேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வாசலில் பிராட்பேண்ட்காரர் நின்றார். நான் கூப்பிடவில்லை. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்:

"இருக்குறதுலயே நல்லதா மாட்டிருங்க தம்பி. ரொம்ப வருஷத்துக்கு உழைக்கணும்."