கதிர் வராத தொட்டி

தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். புடவையில் சின்னக் கறை இருந்தால் அது உள்ளே போகிற மாதிரி மடித்து வைப்போம். யோசிக்கவே வேண்டாம், கை தானாக மடிக்கும். இதைப் படிக்கிற பிள்ளைகளே, அந்தக் கையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் குளிர்காலக் கோதுமையை எடுத்துக்கொண்டாள். பனி விழுகிற ஊர்களில் விதைப்பார்களாம். டீச்சர் எங்கிருந்தோ விதை வாங்கிக் கொடுத்தார். பாதியை முளைகட்டி, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றரை மாதம் அது அங்கேயே இருந்தது. பிறகு அதை ஒரு தொட்டியிலும், ஃப்ரிட்ஜையே பார்க்காத மீதி விதையை இன்னொரு தொட்டியிலும் நட்டு, மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் வைத்தாள். தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

"குளிரு பட்டாதான் நைனா இது கதிர் வெக்கும்" என்றாள். தலையாட்டினேன். பாதிதான் காதில் விழுந்தது.

மாசியில் ஃப்ரிட்ஜ் தொட்டியில் கதிர் வந்தது. நோஞ்சான் கதிர்தான், ஆனாலும் கோதுமை. மற்றது வெறும் புல். துணி காயப்போட வரும் கீழ்வீட்டுக்காரர், "இன்னா மாமா, அருகம்புல்லா? புள்ளையாருக்குக் கொஞ்சம் கிள்ளிக்கவா?" என்பார். சிரித்து வைப்பேன். தண்ணீர் ஊற்றியது நான்தானே, என் கையால்தான் ஒன்று கெட்டுப்போச்சு என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் கடை ஷோகேஸ் ஜாடியில் அலங்காரத்துக்குக் காய்ந்த கோதுமைக் கதிர் வைத்திருப்பார்கள். பழையதை மாற்றும்போது ஒரு கைப்பிடி கேட்டு வாங்கினேன். கண்காட்சி அன்று காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில், ஃபால்ஸ் தைக்கிற நூலால் புல்லில் ஒவ்வொன்றாகக் கட்டினேன். நிறம் வேறுதான், பழுத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பேப்பரால் சுற்றிவிட்டேன். ஆட்டோவில் ஆளுக்கொரு தொட்டி மடியில்.

பள்ளியில் நான் பேப்பரைப் பிரிக்கவும் நடுவர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வேளாண்மைக் கல்லூரியில் பாடம் நடத்துகிற அம்மா.

"ரெண்டுலயும் கதிர் வந்திருக்கே. அப்ப ஃப்ரிட்ஜ்ல வெச்சதுக்கு என்ன பலன்?" என்று ஒன்றைத் தொட்டார். நூலோடு கையில் வந்துவிட்டது. "யார் கட்டினது?"

மகள் நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எங்க நைனா."

"அப்ப அந்தத் தொட்டியில இருக்கறத மட்டும் நான் எப்படிம்மா நம்பறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர் படாத புல் புல்லாகவே நின்றதுதான் அவள் காட்ட வேண்டியது. நான் உள்ளே மடித்தது கறையை இல்லை, முந்தானையை.

அவள் அழவில்லை. நல்ல தொட்டியில் கதிர் வெளியே வராத ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறினாள். இலைக்குள்ளே பச்சையாக ஒரு குட்டிக் கதிர். புல்லிலும் ஒன்றைப் பிடுங்கிக் கீறினாள். உள்ளே இலைதான், இலைக்குள் இலை. தினமும் காலையில் அவள் மாடிக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருகிற செடிகள் அவை.

"சரிம்மா, நம்பறேன்" என்றார் அந்த அம்மா. என் பக்கம் திரும்பவில்லை.

"நூல அவுத்துடு நைனா" என்றாள் மகள்.

அத்தனை பெற்றோர் நடுவில் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தேன். இறுக்கிக் கட்டியிருந்தேன். பக்கத்து மேஜை அப்பா ஒருவர் குனிந்து, "வுடு சார், எல்லாரும் பண்றதுதான்" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் இரண்டு தொட்டியையும் அவளே மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ண குடும்மா."

"வேணா நைனா. நானே வெச்சிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மந்தைவெளி வரும்வரை என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.