சிவப்பு மூஞ்சிக்காரன்

தான் பதறியதால்தான் அந்த அக்காவின் விரல்கள் போயின என்று என் மகள் ஒரு வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தாள். அது அப்படியில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லாமல் இருந்தவளும் நான்தான்.

தேனியிலிருந்து ஆண்டிபட்டி போகிற வழியில் ஒரு நூல் மில்லில் நலன் அலுவலராக இருந்தேன். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நூல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். தொழிலாளர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் பாதுகாப்புப் பயிற்சி பார்த்து, கடைசியில் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும். கேன்டீனை ஒட்டிய அறையில் ஆறு கம்ப்யூட்டர்களைப் போட்டு, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தார்கள்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. திரையில் ஒரு பெண் குரல், "வணக்கம். பணியிடப் பாதுகாப்பு, அலகு ஒன்று" என்று ஆரம்பித்ததும் பின்னால் ஒருத்தி கேட்டாள்.

"யாருத்தா இது, எழவுச் சேதி வாசிக்கிற மாதிரி வாசிக்கிறாக?"

"அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தவும்" என்று குரல் சொன்னது.

"சட்டைப் பொத்தானையா மேடம்?" என்றாள் இன்னொருத்தி. அறை முழுக்கச் சிரிப்பு.

இரண்டாம் வாரத்தில் 'அடுத்து' என்ற கட்டம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. முக்கால் மணி நேரப் பாடத்தை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நேரக் கணக்கைப் பார்த்த தலைமை அலுவலகம் என்னைக் கூப்பிட்டது. "ஆர்வமா பாக்குற மாதிரி நீங்களே உங்க ஊர்த் தமிழ்ல எழுதிக் குடுங்க மேடம். நாங்க ஏத்திக்கிறோம்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு மில்லில் லீவு லெட்டர் வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு எழுதச் சொல்லி ஒரு வேலை. பாடத்தை விடுகதைகளாக மாற்றினேன். பாலிடெக்னிக்கில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்த என் மகள் லீவில் வீட்டில் இருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள்தான் எல்லாவற்றையும் பேசிப் பதிவு செய்தாள். எல்லோரையும் கவர்ந்தது இது:

"ஊரே ஓடுனாலும் ஒத்த விரலுக்கு நிப்பேன். செவப்பு மூஞ்சிக்காரன் நான் யாரு?"

அவசரத்துக்கு மெஷினை நிறுத்துகிற சிவப்புக் குமிழைத்தான் அப்படிச் சொன்னேன். ஒரே வாரத்தில் மில் முழுக்க அது பரவிவிட்டது. வெயிலில் வந்தால் முகம் சிவந்துபோகிற சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். அவர் உள்ளே நுழைந்தாலே, "ஏடி, செவப்பு மூஞ்சி வாராக, எல்லாம் நின்னுரும்" என்பார்கள். யாரும் 'அடுத்து'வை அழுத்தி ஓடவில்லை. கேள்விகளில் எல்லோரும் தேறினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டி மெயில் வந்தது. அதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

பழைய பாடத்தில் ஒரு பக்கம் இருந்தது. பதினொரு மெஷின்களின் சின்னச் சின்னப் படங்கள். கீழே ஒரு வாக்கியம்: "நிறுத்தும் அமைப்பு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடலாம், பணியைத் தொடங்கும் முன் மேற்பார்வையாளரிடம் கேட்டு அறிந்துகொள்ளவும்." எல்லோரும் கொட்டாவி விட்டது அந்தப் பக்கத்தில்தான். அதை எடுத்துவிட்டேன். விடுகதையாக்க அதில் எதுவும் சிக்கவில்லை.

கடைசி வருடப் பயிற்சிக்கு என் மகள் எங்கள் மில்லுக்கே வந்தாள். என் கண் முன்னால் இருக்கட்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். பின்பக்க ஷெட்டில், மூடிப்போன ஒரு மில்லிலிருந்து வாங்கி வந்த பஞ்சைத் திரியாக முறுக்குகிற இரண்டு பழைய சிம்ப்ளெக்ஸ் மெஷின்கள் இருந்தன. அவற்றில் சிவப்புக் குமிழ் கிடையாது. இடுப்பு உயரத்தில் மெஷினின் நீளத்துக்கும் ஒரு கறுப்புக் கம்பி ஓடும். அதைத் தள்ளினால் நிற்கும். மெஷினின் முனையில் உருண்டையாக, சிவப்பாக ஒன்று இருக்கும். அது நூல் அறுந்தால் எரிகிற விளக்கு.

மூன்றாம் நாள் மதியம், உருளையில் சுற்றிய பஞ்சைப் பிடுங்கப் போன ஒரு அக்காவின் கை உள்ளே மாட்டிக்கொண்டது. மயிலாடும்பாறைக்காரர். அந்த இரைச்சலில் அவர் கத்தியது என் மகளுக்குக் கேட்கவில்லை. முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் ஓடிப்போய் சிவப்பை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். விளக்கின் கண்ணாடி உடைந்து அவள் கட்டைவிரலைக் கிழித்தது. அப்போதும் அழுத்திக்கொண்டே இருந்தாள். எதிர்ப்பக்கம் இருந்தவர் ஓடிவந்து கம்பியைத் தள்ளிய பிறகுதான் நின்றது. அந்த அக்காவுக்கு இரண்டு விரல்கள் பாதியோடு போயின.

விபத்து அறிக்கை எழுத வேண்டியவள் நான். 'காரணம்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலாளர், "பயிற்சி மாணவி பதறிட்டாகன்னு போடுங்க மேடம். சின்னப் புள்ள, யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றார். அப்படியே எழுதினேன். சாட்சி என்ற இடத்தில் என் மகளிடமே கையெழுத்து வாங்கினேன். கட்டைவிரலில் கட்டோடு, படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

அதன்பின் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. நான் மிக்ஸி போட்டால் அடுப்படியை விட்டு வெளியே போய் நிற்பாள். இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடுவாள் என்று அவள் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் தலையாட்டினேன். அவள் ராத்திரி தூங்குகிறாளா, சாப்பிட்டதைத் துப்பிவிடுகிறாளா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். பாடத்திலிருந்து நான் எடுத்துவிட்ட அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒரு வருடம் கழிந்தபின் ஒருநாள் அவளே சொன்னாள்: "என்னால எதையும் ஒழுங்கா செய்ய முடியாதும்மா. அவசரம்னா கை வேற எங்கயோ போயிருது."

அதற்கு மேல் தாங்கவில்லை. பழைய பாடத்தின் அச்சுப் பிரதி பீரோவில் இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நீ பதறலத்தா. நான் என்ன சொல்லிக்குடுத்தேனோ அதத்தான் செஞ்ச. இந்தப் பக்கத்த எடுத்தது நான்."

இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அறிக்கை எழுதும்போது இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்கிட்டக் கையெழுத்து வாங்குனியா?"

நான் பீரோவைச் சாத்தினேன்.

"அந்த அக்கா ஆஸ்பத்திரியில என் தலையத் தடவி, 'பயந்துட்ட போல, பரவால்ல புள்ள'ன்னு சொன்னாக. அவுககிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் மயிலாடும்பாறைக்குப் போறேன். நீ வராத. நீ மில்லுல போய்ச் சொல்லு" என்றாள்.

போனேன். காரணத்தை மாற்றி எழுதிய கடிதத்தை மேலாளரின் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "முடிஞ்சுபோனத எதுக்கு மேடம் கிளறுறீக? நாளைக்கு வரைக்கும் யோசிங்க" என்று திருப்பி நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கடிதம் கோப்பில் சேர்ந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன்.

மயிலாடும்பாறைக்குப் போன அன்று சாயந்தரம் அவள் திரும்பி வந்து கால் கழுவி, தட்டு எடுத்துவைத்துச் சாப்பிட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"அந்த அக்கா என்ன சொன்னாக?"

சோற்றைப் பிசைந்தபடியே, நிமிராமல் சொன்னாள். "அத நீயே போய்க் கேட்டுக்க."

அடுத்த ஜூனில் அவள் கல்லூரிக்குத் திரும்பினாள். நான் மட்டும் இன்னும் மயிலாடும்பாறைக்குப் போகவில்லை.